இருக்கைக்கு முன் நூலடுக்கு: புலம்பெயர் பல்கலைக்கழகங்களில் தமிழின் நிலை குறித்து மொன்றியலிலிருந்து ஒரு மதிப்பீடு

மொன்றியல் நகரின் தென்புறத்தில், சென் லோறன்ஸ் ஆற்றின் மறுகரையில் அமைந்துள்ளது லொங்குய்ய். 1967ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சியை ஒட்டித் திறக்கப்பட்ட சுரங்கத் தொடருந்தின் மஞ்சள் தடம் இங்குதான் முடிவடைகின்றது. முடிவு நிலையத்தின் பெயரில் இன்று ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரும் இணைந்துள்ளது: லொங்குய்ய் – ஷேர்ப்றூக் பல்கலைக்கழகம். அப்பல்கலைக்கழகத்தின் தாய் வளாகம் நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் வேறொரு நகரில் இருக்கின்றது. ஆயினும் மருத்துவம், கல்வியியல், முகாமைத்துவம் முதலிய துறைகளின் கற்பித்தலில் ஒரு பகுதி நிலையத்தை ஒட்டிய வளாகத்திலேயே நடைபெறுகின்றது. மாணவர் வாழும் இடத்தை நாடிப் பல்கலைக்கழகம் வந்துள்ளது. ஆற்றைக் கடந்து நகரத்து நூலகங்களுக்குச் செல்லும்போதெல்லாம் நான் காணும் அப்பெயர்ப்பலகை எழுப்பிய வினாவையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. தமிழர் வாழும் இடத்துக்குப் பல்கலைக்கழகத் தமிழ் வந்து சேர்ந்துள்ளதா? சேர்ந்திருப்பின் எவ்வடிவில்?

பல்கலைக்கழகங்கள் தம்மை அறிமுகம் செய்யும்போது கற்பித்தல், ஆய்வு, ஆதரவு என்னும் மூன்று பணிகளை ஒரே மூச்சில் கூறுவது வழக்கம். முதலிரண்டும் யாவரும் அறிந்தவை. மூன்றாவது, நூலகம், பட்டியலாக்கம், புலமைப்பரிசில், ஆவணக்காப்பு, மாணவர் நலன் ஆகியவற்றைத் தன்னுள் அடக்கியது. அறிமுகக் கையேடுகளின் இறுதிப் பக்கங்களில் இடம்பெறுவது. புலம்பெயர் தமிழ்ச் சமூகம் கடந்த பத்தாண்டுகளில் பல்கலைக்கழகங்களுக்கு அளித்துள்ள கொடை பெரிது; அதன் பின்னுள்ள உணர்வும் ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் அக்கொடை அநேகமாக ஒரு சொல்லையே சுற்றி வந்துள்ளது. அச்சொல் 'இருக்கை' என்பதாகும். ஒரு மொழியின் உயர்கல்வியை ஒரு பேராசிரியர் பதவியாகச் சுருக்கிக் காண்பதால் நேரும் இழப்பு யாது என்பதே எனது விசாரணை. (யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கில் இதனைக் 'கதிரை' என்போம். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற அச்சொல்லுக்குப் பதவி ஆசை என்ற பொருளும் அங்கு உண்டு. 'இருக்கை' என்ற சொல் அந்நினைவை நயமாக மறைத்துவிடுகின்றது.)

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 60 இலட்சம் அமெரிக்க டொலர் வேண்டியிருந்தது. மருத்துவர்கள் இருவர் ஆளுக்கு 5 இலட்சம் டொலர் அளித்துத் தொடங்கிய முயற்சி அது. 2017இல் தமிழ்நாட்டு அரசு 10 கோடி ரூபாய் வழங்கியது. 2018இல் இலக்கு எட்டப்பட்டது. 2022இல் மார்த்தா ஆன் செல்பி அப்பதவியை ஏற்றார். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்தவரும், ரெக்சஸ் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவருமான அவர் அப்பதவிக்குத் தகுதியானவர் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துக்கு 30 இலட்சம் கனடிய டொலர் இலக்காக வைக்கப்பட்டது, அதுவும் திரட்டப்பட்டுவிட்டது. வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இத்தகைய நிலைநிதியின் முதலைத் தொடுவதில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு அல்லது ஐந்து வீதம் எடுத்துச் செலவிடுவது பொதுவழக்கு. நான்கு வீதம் எனக் கொண்டால் 30 இலட்சத்திலிருந்து ஆண்டுக்கு ஓர் இலட்சத்து 20 ஆயிரம் டொலர் கிடைக்கும். இது ஒரு பேராசிரியரின் ஊதியத்துக்கு ஏறத்தாழப் போதும். மொழி வகுப்பு நடத்தும் விரிவுரையாளருக்கோ, நூல் வாங்குவதற்கோ, தமிழறிந்த நூலகருக்கோ, ஆய்வு மாணவரின் புலமைப்பரிசிலுக்கோ அதில் எஞ்சுவது மிகச் சொற்பம். அச்செலவுகளைப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்பது நம்பிக்கை. அது எந்த அளவுக்கு ஒப்பந்தத்தில் எழுதப்படுகின்றது என்பதைக் கொடையாளர் கேட்டுப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. நிதி சேகரிப்புக் கூட்டங்களில் 'எத்தனை டொலர் சேர்ந்தது?' என்ற கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கின்றேன். 'முதலாம் ஆண்டு மொழி வகுப்பை யார் எடுப்பார்?' என்ற கேள்வியைக் கேட்டதாக நினைவில்லை.

இருக்கை தோன்றுவதற்கு முன்னரே ஹார்வர்டில் தமிழ் மொழி வகுப்பு நடந்துவந்தது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழ் வேரூன்றிய வரலாற்றைப் பார்த்தால் ஆரம்பம் எங்கும் பேராசிரியர் பதவியாக இருந்ததில்லை. சிக்காகோவை எடுத்துக்கொள்வோம். 1962இல் அங்கு வந்து சேர்ந்த இளம் விரிவுரையாளர் ஏ. கே. ராமானுஜன், பழந்தமிழ் இலக்கணத்துக்கு ஓர் எளிய நூலைத் தேடி ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறைக்குள் இறங்கினார். அவர் கையில் அகப்பட்டது உ. வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகை. அப்போது அவருக்குப் பழந்தமிழ் தெரியாது. ஐந்து ஆண்டுகளில், 1967இல், அவரது ஆங்கிலக் குறுந்தொகைத் தெரிவு வெளிவந்தது. சங்க இலக்கியம் உலக வாசகரின் கவனத்துக்கு வந்த வரலாற்றில் அந்நூலுக்குரிய இடத்தை இவ்வவைக்கு விளக்க வேண்டியதில்லை. இக்கதையை ராமானுஜனே எழுதியிருக்கின்றார். நாமும் அதனை ஒரு மேதையின் தற்செயற் கண்டுபிடிப்பாகவே திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றோம். ஆனால் அங்கு மேதையைத் தவிர இன்னொருவரும் இருந்தார். படிப்பதற்கு எவரும் இல்லாத காலத்தில் அந்நூலை வரவழைத்து, எண்ணிட்டு, அடுக்கில் வைத்த பெயர் தெரியாத நூலகர் அவர்.

அதே 1962இல் அமெரிக்க நூலகங்களுக்கு வேறொரு வாய்ப்பும் திறந்தது. அமெரிக்கா இந்தியாவுக்குக் கடனாக விற்ற கோதுமைக்கு இந்தியா ரூபாயில் விலை செலுத்தியது. அவ்வாறு குவிந்த ரூபாயின் ஒரு பகுதியைக் கொண்டு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தனது டில்லி அலுவலகத்தின் வழியே இந்திய மொழி நூல்களை வாங்கிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பத் தொடங்கியது. பொதுச்சட்டம் 480 எனப்பட்ட இவ்வேற்பாட்டின் பயனாகச் சிக்காகோ, பேர்க்லி, விஸ்கொன்சின், பென்சில்வேனியா முதலிய இடங்களில் தமிழ் நூலடுக்குகள் ஆண்டுதோறும் வளர்ந்தன. அதற்குச் சற்று முன்னர், 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் அரிதாகக் கற்கப்படும் மொழிகளுக்கு வகுப்பும் புலமைப்பரிசிலும் ஏற்படுத்தியிருந்தது. இவற்றின் பின்னே இருந்தது குளிர்யுத்த அரசியலேயன்றித் தமிழ்ப்பற்று அன்று. எனினும் நூல், வகுப்பு, மாணவருக்குப் பணம் ஆகிய மூன்றும் முன்னரே இருந்தமையால்தான் பின்வந்த ஆய்வாளர் தலைமுறைக்கு நிற்க இடம் கிடைத்தது.

சிக்காகோ நூலகத்தார் இதனை மேலும் ஒரு படி எடுத்துச் சென்றனர். கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின், அவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்கள், இதழ்கள், துண்டுப் பிரசுரங்கள் சிதறிப்போகும் நிலையில் இருந்தன. பல்கலைக்கழகம் அவற்றை விலைக்கு வாங்கியது, ஆனால் கப்பலேற்றவில்லை. சென்னையிலேயே ஓர் ஆய்வு நூலகமாக நிலைநிறுத்தி, நுண்படமாக்கும் வேலைக்கும் பயிற்சிக்கும் துணைநின்றது. நாடக நோட்டீசும் பாட்டுப் புத்தகமும் ஆராய்ச்சிக்குரிய மூலங்கள் என்பதை நமது தமிழ்த் துறைகள் உணர்வதற்கு முன் ஒரு நூலகம் உணர்ந்திருந்தது. தமிழ் ஆய்வுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அளித்த ஆதரவுகளுள் இதனை முதல் வரிசையில் வைப்பேன்.

நம்மவர் இதனை அறியாதவர் அல்லர் என்பதற்கு மலாயா சாட்சி. 1950களில் அங்குப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை அமைவதாக இருந்தபோது, அதில் சமற்கிருதம் முதன்மை பெறுமா தமிழ் முதன்மை பெறுமா என்ற வினா எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதிட்டதோடு நிற்கவில்லை; 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் துறைமுகத் தொழிலாளரும் சிறுகடைக்காரரும் தத்தம் பங்கை அளித்தனர். அந்நிதி ஒரு பேராசிரியரின் பெயருக்கு முன் ஒட்டப்படும் பட்டமாகவில்லை; துறைக்கு வேண்டிய தமிழ் நூல்களாயிற்று. 1956இல் துறை தொடங்கியது. 1961இல் தனிநாயகம் அடிகள் அங்குப் பொறுப்பேற்றபோது அவருக்கு ஒரு துறையும் மாணவரும் நூல்களும் இருந்தன. 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் மாநாட்டை அவரால் கூட்ட முடிந்ததற்கு அவரது ஆளுமை மட்டும் காரணம் என்று கூறுவது அத்தொழிலாளரின் வெள்ளிகளை மறப்பதாகும். அடிகளுக்குப் பின்னும் அத்துறை நிலைத்தது.

இனி மொன்றியலுக்கு வருவோம். ஈழத்தமிழர் 1980களில் பெருமளவில் கனடாவுக்கு வந்தபோது முதலில் தங்கிய நகரங்களுள் இது ஒன்று. கோட் டி நேஜ், பார்க் எக்ஸ்ரென்ஷன் பகுதிகளில் தமிழ்க் கடைகளும் சங்கங்களும் எழுந்தன. பலர் பின்னர் ரொறன்ரோவுக்குப் பெயர்ந்தனர். ஆயினும் தங்கியோர் தொகை சிறிதன்று. இந்நகரின் பல்கலைக்கழகங்களில் தமிழியல் ஆய்வு இல்லை என்று எவரும் கூற முடியாது. கொன்கோர்டியாப் பல்கலைக்கழகத்தின் சமயவியல் துறையில் பல்லாண்டுகள் பணியாற்றிய லெஸ்லி ஓர், சோழர் காலக் கல்வெட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துக் கோயிற் பெண்டிர் பற்றி எழுதிய நூல் 2000இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியீடாக வந்தது. ஆடற்பெண்டிர் என்ற பிற்காலப் படிமத்தை விலக்கி, கொடையளித்துக் கோயிலில் உரிமை பெற்ற பெண்களைக் கல்வெட்டுச் சான்றுகளின் வழி அவர் காட்டினார். சோழர் வரலாற்றை எழுதுவோர் எவரும் இன்று அந்நூலைத் தவிர்க்கவியலாது. மக்கில் பல்கலைக்கழகத்தில் கத்தரீன் யங் ஸ்ரீவைணவ மரபை ஆராய்ந்தார். அங்குப் பின்னர் பணியாற்றிய தேவேஷ் சோணேஜி, தேவதாசி மரபின் எச்சங்களையும் நினைவுகளையும் பற்றி எழுதிய நூல் 2012இல் சிக்காகோ வெளியீடாக வந்தது. அவர் பின்னர் பென்சில்வேனியாவுக்குச் சென்றுவிட்டார்.

மூன்று பெயர்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, தமிழ் இங்குப் பல்கலைக்கழகத்துக்குள் சமயவியலின் வாயிலால் நுழைந்தது. கோயிலும் பக்தியும் கல்வெட்டும் ஆராயப்பட்டன. நவீன இலக்கியமும், மொழியியலும், இடப்பெயர்வும், ஈழமும் அவ்வாயிலால் எளிதில் நுழையவில்லை. இதற்கு அவ்வறிஞர் பொறுப்பல்லர். அவர்கள் தத்தம் துறையில் செய்ய வேண்டியதைச் செவ்வனே செய்தனர். இரண்டாவது, ஆய்வு ஆய்வாளருடையதாகவே இருந்தது. ஒருவர் வேறு பல்கலைக்கழகம் சென்றால் அவரோடு துறையும் பெட்டியில் அடைந்து சென்றுவிடுகின்றது. மொன்றியலில் நூல்கள் எழுதப்பட்டன. அவற்றைத் தொடரும் தமிழ்ப் பள்ளி ஒன்று உருவாகவில்லை.

சமூகத்துக்கும் இவ்வாய்வுக்கும் இடையே இருந்த தொலைவும் கவனிக்கத்தக்கது. பார்க் எக்ஸ்ரென்ஷனில் வளர்ந்த தமிழ் மாணவர் ஒருவர் சுரங்கத் தொடருந்தில் சில நிலையங்கள் பயணம் செய்தால் இவ்வறிஞரின் வகுப்பை அடைந்துவிடலாம். ஆனால் பெற்றோர் அவரை அங்கு அனுப்பியது பொறியியல் கற்பதற்கு. சங்கத்து மேடைகளில் இவ்வறிஞர் நூல்கள் அறிமுகமானதை நான் அரிதாகவே கண்டிருக்கின்றேன். இக்குறையில் என் தலைமுறைப் புலமையாளருக்கும் பங்குண்டு. ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்தில் மதிப்பிடப்பட்டு, பதவி உயர்வுக்குத் தேவையற்றது எனத் தமிழில் எழுதுவதை நாங்களும் தள்ளிப்போட்டோம்.

ஒரு தனிநபரைச் சார்ந்த துறைக்கு என்ன நேரும் என்பதைக் கோல்ன் நகரம் இன்னும் தெளிவாகக் காட்டியது. கிளவுஸ் லுட்விக் யானேர்ட் கட்டியெழுப்பிய அங்குள்ள நிறுவனம் ஐரோப்பாவின் பெரும் தமிழ் நூற்றொகுதிகளுள் ஒன்றைக் கொண்டது. பேராசிரியர் ஓய்வுபெறும் காலம் நெருங்கியபோது தமிழ் கற்பித்தலே நின்றுவிடும் அபாயம் எழுந்தது. தமிழ்நாட்டு அரசு ஒன்றேகால் கோடி ரூபாய் அளிக்க முன்வந்தது. ஹார்வர்டுக்குச் சென்ற தொகையில் இது எட்டில் ஒன்று. ஒருபுறம் 5,000 கோடி டொலருக்கும் மேற்பட்ட நிலைநிதியை உடைய உலகின் மிகச் செல்வச்செழிப்பான பல்கலைக்கழகம். மறுபுறம் பல்லாயிரம் தமிழ் நூல்களோடு மூடப்படும் நிலையிலிருந்த துறை. நமது உற்சாகம் எப்பக்கம் சாய்ந்தது என்பதை இவ்விரு தொகைகளே கூறுகின்றன. கோல்னுக்காகப் புலம்பெயர் மேடைகளில் பாட்டோ நடனமோ நடந்ததாக நான் அறியேன்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. நிலைநிதியுடன் கூடிய இருக்கை ஒன்றே பல்கலைக்கழக நிர்வாகத்தின் சிக்கன நடவடிக்கைகளிலிருந்து தமிழைக் காக்கும் என்பர். ஆண்டொப்பந்தத்தில் வரும் மொழி ஆசிரியரை ஒரு கடிதத்தால் நீக்கிவிடலாம். இருக்கையை நீக்க முடியாது. பேராசிரியர் இன்றேல் கலாநிதிப் பட்ட மாணவரை யார் நெறிப்படுத்துவர்? இவ்வாதத்தை நான் ஏற்கின்றேன். ஆனால் அதிலிருந்து பெறப்படும் முடிவு வேறு. நிலைநிதி பேராசிரியர் பதவிக்கு மட்டும் உரியது என எவ்விதியும் இல்லை. மொழி விரிவுரையாளர் பதவிக்கும், நூலகர் பதவிக்கும், புலமைப்பரிசிலுக்கும் நிலைநிதி ஏற்படுத்தலாம்; தொகையும் குறைவு. அவற்றின் மீது நமக்கு ஆர்வமில்லாமைக்குக் காரணம், அவற்றைப் பற்றிச் செய்தித்தாளில் எழுத ஒன்றுமில்லை என்பதே. முதலாம் ஆண்டு வகுப்பில் ஆறு மாணவருக்கு 'வந்தான், வந்தாள், வந்தார்' சொல்லிக்கொடுப்பவரின் பெயரை எந்த விழாமலரும் அச்சிடுவதில்லை.

இம்மொழி வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். புலம்பெயர் நாட்டில் தமிழ் வகுப்புக்கு வருவோர் இருவகையினர். எழுத்தே அறியாத அயலவர் ஒரு வகை. வீட்டில் யாழ்ப்பாணத் தமிழோ மலையகத் தமிழோ கேட்டு வளர்ந்து, எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் நம் பிள்ளைகள் மறுவகை. அமெரிக்காவில் வழக்கிலுள்ள பாடநூல்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றைக் கொண்டு நம் பிள்ளைக்குக் கற்பிக்கும்போது 'அம்மா வீட்டில் சொல்வது பிழை' என்ற எண்ணம் முதல் வாரத்திலேயே விதைக்கப்படுகின்றது. 'கதைக்கிறேன்' என்று கூறிய மாணவியிடம் 'பேசுகிறேன்' என்பதே சரி எனத் திருத்தப்பட்டதும், அவள் அப்பாடத்தை விட்டு விலகியதும் நான் நேரில் அறிந்த செய்தி. ஈழவழக்கை மதித்து எழுதப்பட்ட பல்கலைக்கழகப் பாடநூல் ஒன்றை உருவாக்க மூன்றாண்டுக்கு ஒருவரின் ஊதியம் போதும். இருக்கை நிதியில் பத்தில் ஒரு பங்கு.

பட்டியலாக்கம் பற்றியும் ஒரு சொல். வட அமெரிக்க நூலகப் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்கள் உரோம எழுத்தில், மேற்கோடு கீழ்க்கோடு புள்ளிகளுடன் ஒலிபெயர்க்கப்பட்டுள்ளன. கைலாசபதி தம் பெயரை ஆங்கிலத்தில் எழுதிய முறை ஒன்று. அவருடைய தமிழ் நூல்களுக்குப் பட்டியல் விதி தரும் வடிவம் வேறொன்று. தமிழறிந்த மாணவர் நாவுக்குப் பழகிய எழுத்துக்கூட்டலில் தேடினால் நூல் அகப்படாது. ஒலிபெயர்ப்பு விதி அறிந்த அயலவருக்கு உடனே அகப்படும். தமிழ் எழுத்திலேயே பதிவதற்கு இன்று தொழில்நுட்பத் தடை இல்லை. தமிழ் வாசிக்கத் தெரிந்த பட்டியலாளர்தான் இல்லை. யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் 97,000 நூல்கள் 1981இல் எரிந்ததை ஒவ்வோராண்டும் நினைவுகூர்ந்து உரையாற்றும் நாம், நம் நகரத்து நூலகத்தில் எரியாமல் இருக்கும் தமிழ் நூல் கண்ணுக்குப் புலப்படாமல் கிடப்பதைப் பற்றி ஒரு விண்ணப்பமும் எழுதியதில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் தன்னார்வலரின் உழைப்பால் ஈழத்து நூல்களையும் சிற்றிதழ்களையும் காத்துவருகின்றது. ஸ்காபரோ வளாக நூலகமும் அதனோடு கைகோத்துள்ளது. பல்கலைக்கழக நூலகங்கள் சில முப்பது ஆண்டுகளில் செய்யாததை அவர்கள் செய்துள்ளனர்.

கொடையாளருக்கும் ஆய்வாளருக்கும் இடையே எழக்கூடிய சிக்கலுக்குக் கனடாவிலேயே முன்னுதாரணம் உண்டு. பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1987இல் சீக்கியச் சமூகமும் அரசும் அளித்த நிதியால் பஞ்சாபி, சீக்கியவியல் இருக்கை அமைந்தது. அதனை முதலில் ஏற்ற ஹர்ஜோத் ஓபராய், சீக்கிய அடையாளத்தின் எல்லைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எவ்வாறு வரையறுக்கப்பட்டன என்பதை ஆராய்ந்து 1994இல் நூலொன்றை வெளியிட்டார். சமூகத்தின் ஒரு பகுதியினர் கொதித்தெழுந்தனர். சில ஆண்டுகளில் அவர் இருக்கையிலிருந்து விலகினார். அப்பல்கலைக்கழகத்தில் பஞ்சாபி மொழி வகுப்புகளோ தொடர்ந்தன. இருக்கையைச் சுற்றி எழுந்த புயல் வகுப்பறையைச் சாய்க்கவில்லை. தமிழுக்கு இத்தகைய சோதனை வராது என எண்ண வேண்டாம். சங்க நூல்களுக்கும் காப்பியங்களுக்கும் பிற்காலத்தைக் கணித்ததற்காக வையாபுரிப்பிள்ளை பெற்ற வசைகளை நாம் அறிவோம்; தமிழ்ப் பேரகராதியை நிறைவுசெய்த பதிப்பாசிரியர் என்ற பெருமையும் அவரைக் காக்கவில்லை. தொன்மை பற்றியோ, சாதி பற்றியோ, ஈழப்போராட்டத்தின் உட்பூசல்கள் பற்றியோ நாளை ஓர் இருக்கைப் பேராசிரியர் நமக்கு உவப்பற்றதை எழுதுவார். எழுதவில்லையெனில் அவர் தம் கடமையைச் செய்யவில்லை. அன்று கொடையாளர் என்ன செய்வர் என்பதை இன்றே தீர்மானித்துக்கொள்வது நன்று.

மொன்றியலுக்கே உரிய ஒரு வாய்ப்பு இதுவரை எவராலும் கருதப்படவில்லை. 1977ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தின்படி இங்குக் குடியேறியோரின் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளியிலேயே பயில்கின்றனர். ஆகவே மொன்றியலின் இளந்தமிழர் பிரெஞ்சு மொழியில் தேர்ந்தவர்கள். ரொறன்ரோ உறவினர் இதனை ஓர் ஊனமாகப் பரிதாபத்தோடு நோக்குவதும் உண்டு. ஆனால் மேலைநாட்டுத் தமிழியலில் ஆங்கிலத்துக்கு அடுத்து நிற்பது பிரெஞ்சே. காரைக்காலில் வளர்ந்த யூலியன் வென்சோன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாரிசில் தமிழ் கற்பித்து, 1903இல் தமிழ்ப் பாடநூல் வெளியிட்டார். 1955இல் புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் தோன்றியது. பிரான்சுவா குரோ பரிபாடலை 1968இல் பிரெஞ்சில் தந்தார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக இருந்தவர் ழான் ஃபிலியோசா. மூன்றாவது மாநாடு 1970இல் கூடியது பாரிசில். ஈழத்துத் தமிழும் பிரெஞ்சும் ஒருங்கே அறிந்த ஒரு தலைமுறை இந்நகரில் உள்ளது. இவ்விரு மொழியும் வேண்டப்படும் ஆவணங்களும் ஆய்வுகளும் புதுச்சேரியிலும் பாரிசிலும் உள்ளன. இருவரையும் இணைக்க ஓர் இருக்கை வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரு மாணவரைப் புதுச்சேரிக்கு அனுப்பும் புலமைப்பரிசில் போதும்.

தமிழை மனிதப் பண்பியல் துறைகளுக்குள் மட்டும் தேடுவதும் பழக்கதோஷமே. லொங்குய்யிலுள்ள சார்ல் லெ மொய்ன் மருத்துவமனை, ஷேர்ப்றூக் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் பயிலும் இடங்களுள் ஒன்று. 1980களில் வந்தோர் இன்று முதுமை எய்திவிட்டனர். மறதி நோய் முற்றும்போது பின்னர் கற்ற பிரெஞ்சும் ஆங்கிலமும் முதலில் உதிர்ந்து, தாய்மொழியே எஞ்சுவதைப் பல குடும்பங்கள் காண்கின்றன. மூதாட்டி 'நெஞ்சு எரியுது' என்பதற்கும் 'மனம் எரியுது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு தாதி மாணவிக்குச் சொல்லிக்கொடுப்பது பல்கலைக்கழகத் தமிழ்ப் பணியா? ஆம் என்பதே என் விடை. கல்வியியலுக்கும் முதியோர் பராமரிப்புக்கும் துணையாக ஒரு பருவத் தமிழ்ப் பயிற்சி வேண்டுமெனக் கேட்பதற்கு 30 இலட்சம் டொலர் தேவையில்லை.

இறுதியாக ஒரு நடைமுறைச் செய்தி. கியூபெக் மாகாணத்தில் வெளியாகும் நூல்கள், எம்மொழியில் இருப்பினும், மாகாணத் தேசிய நூலகத்தில் வைப்பாக ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது 1968 முதலான சட்டம். மொன்றியலில் கடந்த நாற்பதாண்டுகளில் கவிதைத் தொகுதிகள், விழாமலர்கள், கோயில் மலர்கள், நினைவுமலர்கள், கையெழுத்தை ஒளிநகல் எடுத்த சிற்றேடுகள் எனப் பல வெளிவந்துள்ளன. அவற்றுள் என் வீட்டில் இருப்பவை மூன்று பெட்டிகள். அவற்றை வெளியிட்ட நண்பர்களிடம் சட்ட வைப்பைப் பற்றிக் கேட்டேன். பெரும்பாலோர் அப்படியொன்று இருப்பதையே அறிந்திருக்கவில்லை. இவ்வாண்டு குளிர்காலத்துக்கு முன் அப்பெட்டிகளை ஆற்றைக் கடந்து கொண்டுசெல்ல எண்ணியுள்ளேன். ஒவ்வொன்றின் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் தமிழிலும், விதிப்படியான ஒலிபெயர்ப்பிலும், வழக்கிலுள்ள எழுத்துக்கூட்டலிலும் குறித்த பட்டியல் ஒன்றையும் உடன் தயாரித்து வருகின்றேன். பெட்டிகள் வைத்திருக்கும் மற்றையோர் எழுதினால் அதன் படியை அனுப்பிவைப்பேன்.